திருகு இல்லாத றேடியோ

போன மாசியில் எங்கள் பகுதி நூலகத்துக்குப் போனேன். புத்தகம் எடுக்க அல்ல. ஏழாம் வகுப்போடு எனக்கும் புத்தகத்துக்கும் உறவு முடிந்துவிட்டது. வெளியே குளிர், பஸ்ஸைக் காணவில்லை, உள்ளே சூடு இருந்தது. மொன்றியலில், இந்த வில்லரேப் பகுதியில், என் வயதுக்காரர் பாதிப் பேர் நூலகத்துக்குப் போவது அதற்குத்தான். சொல்ல வெட்கப்படுவார்கள். எனக்கு வெட்கமில்லை.

வாசலுக்குப் பக்கத்தில் கண்காட்சி வைத்திருந்தார்கள். மாசி வந்தால் இங்கே கறுப்பு மக்களின் வரலாற்று மாதம். மாதம் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வைத்துவிடுவார்கள். படங்கள், தொப்பிகள், ஒரு மேளம். நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் என் குசினி றேடியோ.

என்னுடையதே அல்ல, அதே மாதிரி ஒன்று. சாம்பல் நிறம். செங்கல் அளவு. முன்னால் துளைத்துளையாக ஒலிபெருக்கி. ஓரத்தில் சத்தம் கூட்டிக் குறைக்க ஒரு சின்னச் சில்லு. ஸ்டேஷன் மாற்றுகிற திருகு கிடையாது. என்னுடையதின் தலையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தது, எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது. இது பளபளவென்று இருந்தது. யாரோ கேட்காமலே வைத்திருந்திருக்கிறார்கள்.

கீழே பிரெஞ்சில் ஒரு அட்டை. எழுத்துக் கூட்டி வாசித்தேன். மொன்றியலில் இருந்த கறுப்பு மக்களின் வானொலி ஒன்றைக் கேட்பதற்கான விசேஷப் பெட்டி. அந்த நிலையம் பின்னர் தன் சேவையை நிறுத்திக்கொண்டது. அவ்வளவுதான். யார் கதைத்தார்கள், யார் கேட்டார்கள், ஒரு ஆளின் பெயர்கூட இல்லை.

நிறுத்திக்கொண்டதாம். கடைக்காரன் நேரம் முடிந்து கதவைச் சாத்துகிற மாதிரி.

கண்ணாடியில் கை வைத்துவிட்டேன் போலிருக்கிறது. அங்கே வேலை செய்கிற ஒரு பெடிச்சி ஓடி வந்தாள். "மதாம், தொடக்கூடாது" என்றாள். "பிள்ளை, நான் இதை எத்தனை வருசம் துடைச்சனான் தெரியுமோ?" என்று கேட்டேன். தமிழில்தான் வந்தது. கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வரும். அவள் சிரித்தாள். கிழவிகளுக்கென்று வைத்திருக்கிற சிரிப்பு.

பஸ் வந்து போனதே தெரியவில்லை. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். வரிசை தப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு பிழையால். என்னைக் கட்டின மனிதன், என் வீட்டுக்காரர் செய்த பிழை. ரொறன்ரோவில் தமிழருக்கு ஒரு பெட்டி வந்திருக்கிறது, அதைப் போட்டால் நாள் முழுக்கத் தமிழ் கேட்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். இவர் ழான்-தாலோன் தெருவில் ஒரு கடைக் கண்ணாடியில் அதே சாம்பல் பெட்டியைக் கண்டார். கேட்கவில்லை, விசாரிக்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மூன்றாம் மாடிப் படியை ஓடி ஏறி வந்தார். திருகோணமலையை விட்டு வந்த பிறகு அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

செருகினார். பெட்டி பேசியது. தமிழ் இல்லை.

"என்ன பாசை இது?" என்றேன்.

"பொறு, இது செய்தி. பேந்து தமிழ் வரும்."

பிறகும் வரவில்லை. இரவு போட்டார், விடிய எழும்பிப் போட்டார். ஒரு கிழமைக்கு மேல் அந்த மனிதன் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். கடைசியில் கடைக்காரனிடம் போனார். அவன் விளக்கியிருக்கிறான். பெட்டி ஒன்றுதான், ஆனால் ஊருக்கு ஊர் வேறு. ஒரு பெரிய ஸ்டேஷனின் முதுகில் சின்ன ஸ்டேஷன் ஒன்று ஏறிப் போகும். சாதாரண றேடியோவில் அது கேட்காது. இந்தப் பெட்டியில் அது மட்டும்தான் கேட்கும். ரொறன்ரோவில் முதுகில் ஏறியிருப்பது தமிழர். மொன்றியலில் ஹெயிட்டிக்காரர்.

திருப்பிக் கொடுக்க இவருக்கு மானம் விடவில்லை. "இருக்கட்டும், ஒருநாள் தமிழ் வரும்" என்றார். நான் அதைக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

சூடேறினால் அதிலிருந்து ஒரு மணம் வரும். தூசி வறுபடுகிற மணம். அதோடு வெங்காயம் வதங்குகிற மணம். இன்றைக்கும் பழைய கருவி எதுவும் சூடாகினால் எனக்குப் பசிக்கிறது. சிரிப்பீர்கள்.

முதல் குளிர்காலம் முழுக்க அது என் காதுக்குள் மழை மாதிரிப் பெய்தது. ஒன்றும் விளங்காது. ஆனால் நிறுத்தமாட்டேன். பகலில் வேறு யார் என்னோடு கதைத்தார்கள்? பிறகு மெல்ல மெல்ல சொல்லுகள் வெளியே வந்தன. குளிர் எத்தனை, பஸ் ஓடுமா ஓடாதா, முட்டை எங்கே மலிவு. அரசாங்கம் நடத்திய பிரெஞ்சு வகுப்பில் பொம்மைப் படம் காட்டிச் சொல்லித் தந்தார்கள். நான் பிரெஞ்சு படித்தது பெட்டியிடம்தான்.

காலை அறிவித்தல்கள் ஒரு பெண் வாசிப்பாள். தடித்த குரல். சிரிப்பை உள்ளே அமத்தி வைத்த குரல். இன்னாரின் அம்மா ஹெயிட்டியில், போர்-த்தோ-பிரன்ஸில் காலமானார். இன்னாருக்கு ஒரு அறை வேண்டும், புகைக்கமாட்டார். பிள்ளை பார்க்க ஆள் தேவை. சாவு அறிவித்தல் வரும்போது மட்டும் குரல் மாறும், ஏதோ உயரத்திலிருந்து வருவது போலிருக்கும். ஏன் என்று தெரியாது.

ஒருநாள் அவள் தையல், மெஷின், ஓவர்லொக் என்றாள். அந்த மூன்றும் எனக்குத் தெரியும். விலாசத்தை இரண்டு தரம் சொன்னாள். நான் வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனேன்.

ஆறாம் மாடியில் தையல் கொம்பனி. நீராவியும் புதுத்துணியின் கஞ்சி மணமும். எனக்கு மெஷினைக் காட்ட ஒரு பெரிய உருவம் எழுந்து வந்தது. தலையில் மஞ்சள் துணி. வாய் திறந்து ஒரு சொல்தான் சொன்னாள். அதே தடித்த குரல். குசினியில் இருந்த பெட்டிக்குக் கால் முளைத்து வந்து நிற்கிறது.

"றேடியோ!" என்று கத்திவிட்டேன்.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மெஷின்கள் நின்றன. அவள்தான் மரி-லூர்ட். விடிய றேடியோவில் வாசித்துவிட்டு வந்து பொழுதுபடும்வரை ஓவர்லொக் மெஷினில் துணி ஓரம் தைப்பாள். கொம்பனியில் ஆள் வேண்டும் என்ற அறிவித்தலை முதலாளிக்குச் சொல்லாமல் அவளே போட்டிருந்தாள்.

"ஹெயிட்டிக்காரி வருவாள் எண்டு பாத்தன். நீ எந்த ஊர்?"

"ஸ்ரீலங்கா. தமிழ்."

"எங்கட பெட்டி உன்னட்ட எப்பிடி வந்தது?"

சொன்னேன். அன்றைக்கு மத்தியானம் முழுத் தளத்துக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள், "தமிழ் வரும் மெஸ்யூ" என்று. நாங்கள் கதைத்தது பாதி பிரெஞ்சு, கொஞ்சம் கிரியோல், மிச்சம் கை. இங்கே என் தமிழில் எழுதுகிறேன். வேறு வழி தெரியாது.

ஸ்டேஷன் எப்படி வந்ததென்று சாப்பாட்டு நேரங்களில் சொல்வாள். ஒரேயடியாகச் சொன்னதில்லை. முதலில் இங்கே கறுப்பருக்கென்று ஒரு ஸ்டேஷனும் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்து றேடியோவில் வாரம் ஒரு மணித்தியாலம் கிடைத்தது, அதுவும் பரீட்சைக் காலத்தில் பறிபோகும். பார்படோசிலிருந்து, ஜமேக்காவிலிருந்து வந்த இங்கிலீஷ் கறுப்பர் ஞாயிறு பின்னேரம் பாட்டுப் போட இன்னொரு இடத்தில் கெஞ்சி ஒரு நேரம் வாங்கியிருந்தார்கள். பிறகு ஹெயிட்டிச் சனம் ஒரு தேவாலயத்து நிலவறையில் கூடியது. ரக்சிக்காரர்தான் முதலில் கை கொடுத்தவர்கள். அந்த நாளில் இந்த ஊரில் கறுப்பன் ஓட்டுகிற ரக்சி வேண்டாம் என்று போனில் சொல்கிற ஆட்கள் இருந்தார்கள். அந்த ரக்சிக்காரர் நாள் முழுக்கக் காரில் தனியே இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. முதுகில் ஏற இடம் வாடகைக்கு எடுத்தார்கள். பெட்டியை முடிவெட்டுகிற கடைகளில் வைத்து விற்றார்கள்.

"நியூயோர்க்கில என்ர மச்சாள் இருக்கிறாள்" என்று ஒருநாள் சொன்னாள். "அங்க கறுப்பருக்கு முழு ஸ்டேஷன். எந்த றேடியோவிலயும் திருகினாக் கேக்கும். நாங்கள் இங்க காத்திலயும் வாடகைக்குத்தான் இருக்கிறம்."

எனக்கு அது நன்றாக விளங்கியது. நானும் வாடகைக்குத்தான் இருந்தேன்.

ஸ்டேஷன் ஒரு பார்மசிக்கு மேலே, ஒடுங்கின படி. முட்டைப்பெட்டி அட்டைகளைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள், சத்தம் எதிரொலிக்காமல் இருக்க. ஒரு சனிக்கிழமை என்னைக் கூட்டிப் போனாள். அப்போதுதான் கண்டேன். முட்டை விலையையும் அறை வாடகையையும் கதிரையில் இருந்தபடியே வாசித்தாள். சாவு அறிவித்தல் வந்ததும் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாள், மைக்கை இழுத்து உயர்த்தினாள், நின்று வாசித்தாள். முடிந்ததும் இருந்தாள்.

"றேடியோவில நிக்கிறதும் இருக்கிறதும் ஆருக்குத் தெரியும்?" என்றேன்.

"செத்த ஆளுக்குத் தெரியும்" என்றாள்.

அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஒருவரும் சட்டம் போடவில்லை.

சில வருடம் போனது. ஞாயிறு காலையில் ஒரு மணித்தியாலம் சும்மா கிடந்தது, பழைய பாட்டு ஓடும். தமிழருக்குத் தருவீர்களா என்று மரி-லூர்ட்டிடம் கேட்டேன். அவள் மேலே கேட்டாள். தந்தார்கள். ஒரு சதம் வாங்கவில்லை. முதல் ஞாயிறு அந்தச் சாம்பல் பெட்டியிலிருந்து "வணக்கம்" என்று வந்தபோது வீட்டுக்காரர் கையில் தேத்தண்ணியோடு நின்றார்.

"நான் அப்பவே சொன்னனான்" என்றார். "தமிழ் வரும் எண்டு."

அந்த மனிதனுக்கு வெற்றி கிடைத்த நாள் அது ஒன்றுதான்.

நிகழ்ச்சியை எங்கள் தமிழ்ச் சங்கத்துத் தலைவர் எடுத்துக்கொண்டார். ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், எல்லோரும் மாஸ்டர் என்போம். நல்ல தமிழ். தொண்டையைச் செருமிவிட்டுத்தான் தொடங்குவார். எங்கள் சனமும் பெட்டி வாங்கியது. எங்கள் சனம் நிறைய இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷனில் ஞாயிறு காலை நடந்தால் ஜன்னலுக்கு ஜன்னல் மாஸ்டர் செருமுவது கேட்கும். ஆனால் மணித்தியாலம் முடிந்து கிரியோல் தொடங்கியதும் டக்கென்று நிறுத்துவார்கள். ஒரு நிமிசம் பொறுக்கமாட்டார்கள். "கறுவலின்ர றேடியோ" என்றுதான் சொல்வார்கள். "கறுவலின்ர றேடியோவில எங்கட நிகழ்ச்சி" என்று. அந்தச் சொல்லை எங்கள் சனம் எப்படிச் சொல்லும் என்று உங்களுக்குத் தெரியும். காலில் ஒட்டினதைச் சொல்கிற மாதிரி. எங்கள் தோல் என்ன நிறம் என்று யாரும் கண்ணாடி பார்த்ததில்லை.

பிறகு எங்கள் போரின் கடைசி மாதங்கள். அதைப் பற்றி நான் எழுத வரவில்லை. எல்லோருக்கும் தெரியும். ஒரு மணித்தியாலம் போதவில்லை. பெரிய ஸ்டேஷன்களில் எங்கள் சாவுக்கு இடமில்லை, அல்லது ஐஸ் ஹொக்கிக்குப் பிறகு ஒரு வரி. மரி-லூர்ட் தன் சனிக்கிழமை நேரத்தையும் விட்டுத் தந்தாள். அவள் வருடக்கணக்கில் நடத்திய நேரம். கேட்கக்கூட இல்லை, தந்தாள்.

மாஸ்டர் வந்தார். ஊரிலிருந்து போனில் வந்த பெயர்களை வாசித்தார். கதிரையில் இருந்து வாசித்தார். மரி-லூர்ட் சுவரோரம் எழுந்து நின்றாள். முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை நின்றாள். அவளுக்கு ஒரு சொல் விளங்காது. பெயர் என்று மட்டும் தெரியும். பகல் முழுக்க மெஷினில் இருந்த கால், வீங்கியிருந்தது. மாஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. போகும்போது, "இந்த மனிசி ஏன் பேய் மாதிரிப் பின்னால நிக்குது?" என்று என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். "ஓ" என்றார். அடுத்த சனியும் இருந்துதான் வாசித்தார்.

அடுத்த வருடத் தை மாதம் அவர்கள் நாட்டில் பூமி அதிர்ந்தது. கொம்பனியில் ஹெயிட்டிப் பெண்கள் எல்லோரும் மெஷினை விட்டு எழும்பி ஜன்னல் பக்கம் போய் போனை அமத்திக்கொண்டு நின்றது ஞாபகம். ஒருவருக்கும் இணைப்புக் கிடைக்கவில்லை. ஸ்டேஷனில் பாட்டில்லை, விளம்பரமில்லை. பெயர்கள் மட்டும். உயிரோடு இருப்பவர், காணாதவர், இல்லாதவர். மாறி மாறி வந்து நின்று வாசித்தார்கள். இல்லாதவர் வரிசையில் மரி-லூர்ட் தன் தமக்கையின் பெயரையும் அவளே வாசித்தாள். நான் குசினியில் கேட்டேன். குரல் தளரவில்லை. நானும் எழுந்து நின்றேன், அகப்பை கையில்.

அந்த ஞாயிறு தமிழ் நிகழ்ச்சி வரவில்லை. வராதுதானே? மாஸ்டர் திங்கட்கிழமை ஸ்டேஷன் படி ஏறிப் போனார். துக்கம் விசாரிக்க என்று நினைத்தேன். "எங்கட நேரத்தை அறிவிக்காம எடுத்துப்போட்டியள்" என்று சொல்லப் போயிருக்கிறார். இங்கிலீஷில், நல்ல இலக்கணத்தோடு. மரி-லூர்ட் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அவள் கேட்டிருக்கிறாள்.

 

அதற்குப் பிறகு வாடகைப் பிரச்சினை வந்தது. முதுகு தந்த பெரிய ஸ்டேஷன் கைமாறியது. ஒப்பந்தம் முடிந்தால் இனி இல்லை என்றார்கள். ஒரே வழி, சொந்தமாக ஒரு அலைவரிசை கேட்பது. எந்தச் சாதாரண றேடியோவிலும் திருகினால் கேட்கிற அலைவரிசை. நகரத்தில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. கேட்டவர்கள் பல பேர். அனுமதி கொடுக்கிறவர்கள் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் இருந்து விசாரிப்பார்கள். கிடைத்தால் ஸ்டேஷன் இருக்கும். கிடைக்காவிட்டால் இல்லை.

"நாங்கள் எங்களுக்கு மட்டும் இல்லை, மற்றச் சனத்துக்கும் குரல் குடுக்கிறம் எண்டு காட்டோணும்" என்றாள் மரி-லூர்ட். "உங்கட ஆட்கள் வந்து இருந்தாப் போதும். கதைக்கவும் வேண்டாம்."

மாஸ்டரிடம் சொன்னேன். "ஒரு பஸ் நிறையக் கொண்டு வாறன் தங்கச்சி" என்றார். தமிழ் நிகழ்ச்சியிலும் சொன்னார். எந்த இடத்தில் பஸ் நிற்கும் என்றும் சொன்னார். மரி-லூர்ட் மண்டபத்தில் எங்களுக்காக இரண்டு வரிசைக் கதிரை மறித்து வைத்தாள். தன் கழுத்துத் துணியைக் கழற்றி ஒரு முனைக் கதிரையிலும், கைப்பையை மறு முனைக் கதிரையிலும் வைத்தாள்.

ரக்சிக்காரர் வந்தார்கள், ஹோட்டல் வாசல் ரக்சியால் அடைபட்டது. முடிவெட்டுகிற பெண்கள் வந்தார்கள். தேவாலயத்துக் கிழவிகள் தொப்பி போட்டு வந்தார்கள். பார்படோஸ்காரர் வந்தார்கள். தமிழர் இரண்டு பேர். நானும் வீட்டுக்காரரும். இரண்டு வரிசைக்கும் சேர்த்து நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்.

வெளியே போய் மாஸ்டருக்குப் போன் எடுத்தேன்.

"மாஸ்டர், பஸ் எங்க?"

"பஸ் வேண்டாமெண்டு விட்டிட்டம் தங்கச்சி. கமிட்டி கூடிக் கதைச்சது. நீர் விளங்காம நிக்கிறீர். கறுவலோட போய் அரசாங்கத்துக்கு முன்னால இருந்தா, நாளைக்கு எங்களையும் அந்தக் கணக்கில சேத்துப்போடுவாங்கள். எங்களுக்கெண்டு ஒரு பேர் இருக்கு."

"அவையின்ர மைக்கில வாய் வைச்சுக் கதைக்கேக்க கறுப்பு ஒட்டேல்லையோ மாஸ்டர்?"

"மரியாதையாக் கதையும்."

"ஓம், அதுவும் அவையளிட்டத்தான் படிச்சனான்" என்று வைத்துவிட்டேன்.

உள்ளே மரி-லூர்ட் கதைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் இருந்த பெண், கண்ணாடி போட்டவர், கேட்டார்: "மற்றச் சமூகங்களுக்கும் சேவை என்கிறீர்கள். யார் வந்திருக்கிறார்கள்?" மரி-லூர்ட் எங்கள் பக்கம் கை காட்டினாள். எல்லோரும் திரும்பினார்கள். வெறும் கதிரைகள். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் எழும்பினேன். கதைக்கிற யோசனை இல்லை. ஆனால் நின்றுவிட்டேன், இனி இருக்க முடியாது.

"எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு முழுக்க இந்த ஸ்டேஷன் தந்தது" என்றேன். "எனக்கு வேலை தந்தது இந்த ஸ்டேஷன். எங்கட செத்த சனத்தின்ர பேரை இந்த ஊரில வாசிச்சது இந்த ஸ்டேஷன் மட்டும்தான்."

கண்ணாடிப் பெண் சிரித்தார். "மதாம், நீங்கள் ஹெயிட்டியில் பிறந்தவரா?" என்று கேட்டார். என் உச்சரிப்பு அப்படி. மண்டபம் வெடித்தது. ரக்சிக்காரர் மேசையைத் தட்டினார்கள். தொப்பிக் கிழவி ஒருத்தி "எங்கட பிள்ளை!" என்று கத்தினாள். நானும் சிரித்தேன். அந்த ஒரு நிமிசம் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கிடைக்கவில்லை. இலை எல்லாம் கொட்டின பிறகு பதில் வந்தது. நீளமான பதில், மிக வடிவான பிரெஞ்சு. இந்த மக்களின் தேவை ஏற்கெனவே போதியளவு கவனிக்கப்படுகிறது என்றும், மற்றச் சமூகங்களின் ஆதரவு போதியளவு தெரியவில்லை என்றும் இருந்தது. அலைவரிசை பாட்டுப் போடுகிற வேறு ஆட்களுக்குப் போனது. இப்போதும் போடுகிறார்கள். இடையில் கார் விளம்பரம்.

மரி-லூர்ட் அந்தப் பதிலைக் காலை அறிவித்தலில் வாசித்தாள். எழுந்து நின்று வாசித்தாள். நான் பக்கத்தில் இல்லை, ஆனால் அந்த உயரத்துக் குரல் எனக்குத் தெரியாதா? வருடக் கடைசியில் பெட்டி நின்றது. நடுப்பாட்டில் நின்றது. பிறகு இரைச்சல் மட்டும்.

முதல் ஞாயிறு போன் அடித்தது. மாஸ்டர்.

"தங்கச்சி, இண்டைக்கு நிகழ்ச்சி போகேல்லை. நான் படியேறிப் போனன், பூட்டிக் கிடக்கு. உம்மட சிநேகிதியிட்ட என்னெண்டு கேளும்."

அந்த மனிதன் நடிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. வீடு இடிந்தால் தன் அறை மட்டும் நிற்கும் என்று நினைத்திருக்கிறார்.

"நீங்கள் அனுப்பின பஸ் இன்னும் வந்து சேரேல்லை மாஸ்டர்" என்றேன். "அது வந்தாப்பிறகு நிகழ்ச்சி வரும்."

அதற்குப் பிறகு அவர் என்னைக் கோயிலில் கண்டாலும் கதைப்பதில்லை. நான் வேதக்காரி, கிறிஸ்தவள், கோயிலுக்குப் போவது அன்னதானத்துக்கு. அங்கே சாப்பாடு நல்லது. மாஸ்டருக்காக அதை விடமுடியுமா?

மிச்சமும் போனது. முடிவெட்டுகிற கடைகளில் ரிவி வந்தது. ரக்சிக்காரர் பாதிப் பேர் லைசென்சை விட்டார்கள், மிச்சப் பேர் போனில் ஆளுக்கொன்று கேட்கிறார்கள். கொம்பனி மூடியது. ஆறாம் மாடியில் இப்போது பெடியங்கள் கொம்பியூட்டருக்கு முன்னால் காதை மூடிக்கொண்டு இருக்கிறார்களாம். எங்கள் சனத்துக்குத் தமிழ் போனிலேயே வருகிறது, எந்த நேரமும். யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. யார் செத்தது என்று பேஸ்புக்கில் பார்த்து ஒரு கண்ணீர்ப் படம் போடுகிறார்கள். கதிரையில் இருந்துகொண்டுதான்.

மரி-லூர்ட்டை மகன் இல்-பிசாருக்குக் கொண்டு போய்விட்டான். அது ஒரு தீவு, பெரிய தனித்தனி வீடுகள், பஸ் எப்போதாவது வரும். போன ஐப்பசியில் போனேன். பஸ் மாறி மாறிப் போக மத்தியானமாகிவிட்டது. தெருவில் ஒரு சனம் இல்லை. அவள் நிலவறையில் இருக்கிறாள். நல்ல அறை, சூடு, தனிக் குளியலறை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவளும் சொல்லவில்லை.

கோப்பி ஊற்றினாள். முழங்காலைப் பற்றிக் கதைத்தோம். பிறகு கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டாள். இத்தனை வருடத்தில் ஒருநாளும் கேட்காததைக் கேட்டாள்.

"அண்டைக்கு உங்கட ஆட்கள் ஏன் வரேல்லை?"

நூறு சாட்டு இருந்தது. பஸ் பழுது. பிள்ளைகளின் டான்ஸ் வகுப்பு. மழை.

"நீங்கள் கறுப்பர் எண்டபடியால்" என்றேன். "எங்களையும் அப்பிடிப் பாப்பாங்கள் எண்டு பயம்."

அவள் தலையாட்டினாள். கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கோபம்.

"எனக்குத் தெரியும், மா சேர், என்ர செல்லம்" என்றாள். "உங்கட மாஸ்டர் பூமி அதிர்ந்த கிழமை படியேறி வந்தாரே, அண்டைக்கே தெரியும். அந்த ஹோட்டலில விசாரிச்ச ஆட்கள் பக்கம் பக்கமா எழுதி அனுப்பினவை. ஒருத்தரும் இதைச் சொல்லேல்லை. ஆராவது ஒருத்தர் வாய் திறந்து சொல்லுவினமோ எண்டுதான் இவ்வளவு காலமும் பாத்துக்கொண்டிருந்தன்."

பிறகு அவள் சிரித்தாள், ஆறாம் மாடியில் மெஷின்களை நிறுத்தின அதே சிரிப்பு. எனக்கும் வந்தது. மாஸ்டரைப் பற்றித் தொடங்கினோம். அவர் செருமுவதை அவள் செய்து காட்டினாள். அச்சு அசல். நான் கோப்பியைத் துணியில் ஊற்றிக்கொண்டேன்.

மேலே இருந்து பேரன் கத்தினான். பதினாறு, பதினேழு வயது இருக்கும். பிரெஞ்சில் கத்தினான்.

"அப்பம்மா! மெதுவாக் கதையுங்கோ! இங்க எனக்கு ஒண்டும் கேக்கேல்லை!"

இந்த நகரத்து ரக்சி முழுக்க நிறைந்திருந்த குரல் அது. மரி-லூர்ட் விரலை உதட்டில் வைத்துவிட்டு, குரலைக் குறைத்தாள்.

நான் குறைக்கவில்லை.